லிஃப்ட் செய்த பிக்கப்புக்கு எலக்ட்ரிக் ஸ்டெப்: முதலில் டேப்பை எடுங்கள்

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் பிக்கப் வைத்திருப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்தப் பேச்சு எப்படியும் வந்துவிடுகிறது. "லிஃப்ட் பண்ணா இன்னாண்ணே, எலக்ட்ரிக் ஸ்டெப் போட்டுக்கலாம், கதவைத் தொறந்தா தானா எறங்கி வரும், யார் வேணா ஏறிடலாம்." (லிஃப்ட் என்றால் வண்டியைக் கம்பெனி உயரத்தைவிட மேலே தூக்கிவைப்பது.) கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எங்கிருந்து இறங்கும், எத்தனை அங்குலம் இறங்கும், இறங்கி நின்ற பிறகு தரைக்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளி என்று திருப்பிக் கேட்டால் மட்டும் பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது.

எலக்ட்ரிக் ஸ்டெப் நல்ல சாமான்தான், எனக்கு அதன் மேல் எந்தக் கோபமும் இல்லை. ஆனால் அது செய்யாத வேலையையெல்லாம் அதன் தலையில் கட்டுகிறார்கள். லிஃப்ட் ஒரு கணக்கு, ஸ்டெப் இன்னொரு கணக்கு. இரண்டையும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மீதிக் குழப்பம் அந்த ஸ்டெப் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாததால் வருவது.

புதிதாகக் கேட்பவர்களுக்கு: வண்டியின் பக்கவாட்டில் கதவுக்குக் கீழே ஒரு நீளமான அலுமினியப் பலகை. கதவு மூடியிருக்கும்போது வண்டிக்கு அடியில் மடங்கிப் பதுங்கியிருக்கும். கதவைத் திறந்தால் மோட்டார் ஓடி, பலகை வெளியே வந்து கீழே இறங்கி நிற்கும். கதவை மூடினால் ஒன்றிரண்டு நொடி பொறுத்து மறுபடியும் உள்ளே போய்விடும். இதைத்தான் இங்கே ஸ்டெப் என்கிறேன். இது ஒன்றும் புதுச் சரக்கு இல்லை, 2003 மாடல் லிங்கன் நேவிகேட்டரிலேயே கம்பெனியில் இருந்தே வந்தது.

## உயரக் கணக்கு

சில எண்களை எடுத்துக்கொள்வோம். இவை உதாரணத்துக்குத்தான், உங்கள் வண்டிக்கு நீங்கள்தான் டேப் பிடித்து அளக்க வேண்டும்.

கம்பெனியில் இருந்து வந்தபடி நிற்கும் ஒரு பிக்கப்பில், தரையிலிருந்து கால் வைக்கும் கேபின் தளம் 24 அங்குலம் என்று வையுங்கள். சாதாரண அசையாத ஃபுட்போர்டு தளத்துக்கு 8 அங்குலம் கீழே இருக்கிறது. அப்படியானால் தரையிலிருந்து ஃபுட்போர்டுக்கு 16 அங்குலம், அங்கிருந்து உள்ளே 8 அங்குலம். அதைக் கழற்றிவிட்டு எலக்ட்ரிக் ஸ்டெப் மாட்டுகிறோம். அது திறந்து நிற்கும்போது தளத்துக்கு 11 அங்குலம் கீழே இருக்கிறது. தரையிலிருந்து 13, அங்கிருந்து 11. நல்ல வித்தியாசம், மூன்று அங்குலம் லாபம்.

இப்போது வண்டியை 4 அங்குலம் லிஃப்ட் செய்கிறோம். லிஃப்ட் செய்தவர் டயரை மட்டும் விட்டுவைப்பாரா, அதையும் மாற்றுவார். 265/65 ஆர்17 டயரின் மொத்த உயரம் ஏறக்குறைய 776 மில்லிமீட்டர். 285/70 ஆர்17 போட்டால் 831. வித்தியாசம் 55 மில்லிமீட்டர். ஆனால் வண்டி 55 மில்லிமீட்டர் உயராது. ஆக்ஸில் டயரின் நடுவில் இருப்பதால் பாதிதான் மேலே போகும், அதாவது சுமார் 27 மில்லிமீட்டர், ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். டயர்க் கடையில் இதைப் பாதியாக்காமல் முழுசாகச் சொல்லி விற்பவர்களும் உண்டு.

ஆக 4 அங்குலமும் 1 அங்குலமும் சேர்ந்து 5. தளம் 24-இல் இருந்து 29-க்குப் போய்விட்டது. ஸ்டெப்பும் வண்டியோடு சேர்ந்து மேலே போய்விட்டது. தரையிலிருந்து ஸ்டெப் 18 அங்குலம், அங்கிருந்து உள்ளே அதே 11. எலக்ட்ரிக் ஸ்டெப் கொடுத்தது மூன்று, லிஃப்டும் டயரும் எடுத்துக்கொண்டது ஐந்து. பழைய அசையாத ஃபுட்போர்டு வண்டியில் 16 அங்குலத்தில் கால் வைத்தவர், இவ்வளவு செலவுக்குப் பிறகு 18 அங்குலத்தில் கால் வைக்கிறார். நம் வீடுகளில் படிக்கட்டின் ஒரு படி 6, 7 அங்குலம் இருக்கும். முழங்கால் வலி உள்ளவருக்கு 18 அங்குலம் என்றால் என்ன என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வாங்குவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யலாம், காசு ஆகாது. ஸ்டெப் திறந்து நிற்கும்போது தளத்துக்கு எவ்வளவு கீழே இருக்கும் என்று விற்பவரிடம் கேட்டுக்கொண்டு, லிஃப்ட் செய்த உங்கள் வண்டிக் கதவருகே ஹாலோ பிளாக் கல்லையோ மரப்பெட்டியையோ தளத்துக்கு அவ்வளவு கீழே வரும்படி ஆடாமல் அடுக்குங்கள். அம்மாவையோ அத்தையையோ கூப்பிட்டு ஏறச் சொல்லுங்கள், கூடவே நீங்கள் நில்லுங்கள். ஒரு கையில் கொசுவத்தைப் பிடித்துக்கொள்வார், இன்னொரு கையால் கதவுத் தூணில் இருக்கும் பிடியைத் தேடுவார், அந்தப் பிடியும் இப்போது ஐந்து அங்குலம் மேலே போயிருக்கும். அவர் பிடி எட்டாமல் சீட் கவரைப் பிடித்து இழுக்கிறார் என்றால் அந்த ஸ்டெப் அந்த உயரத்துக்குப் பத்தாது. கொஞ்சம் கூடுதலாக இறங்கும் ஸ்டெப்பைத் தேட வேண்டும், அல்லது லிஃப்டைக் குறைக்க வேண்டும்.

சுருக்கமாக இதுவரை: ஸ்டெப் இறங்கும் தூரம் வண்டியின் உடம்பிலிருந்து கணக்கு, தரையிலிருந்து இல்லை. தரை எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியவே தெரியாது.

## லிஃப்டில் இரண்டு சாதி

இதைக் கலந்து பேசுவதுதான் பெரிய தொல்லை. பிக்கப்பில் அடியில் சேஸ் இருக்கிறது, அதாவது எஞ்சினையும் பாரத்தையும் தாங்கும் இரும்புச் சட்டம். அதன் மேல் ரப்பர் வைத்து உட்கார்ந்திருப்பது பாடி, அதாவது நாம் உட்காரும் கேபின். ஐசூசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் எல்லாமே இந்த அமைப்புதான்.

சஸ்பென்ஷன் லிஃப்ட் என்றால் ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் மாற்றியோ, அவற்றோடு கூடுதல் துண்டு வைத்தோ, சேஸையும் பாடியையும் ஒன்றாக மேலே தூக்குவது. பாடி லிஃப்ட் என்றால் சேஸ் பழைய இடத்திலேயே இருக்க, சேஸுக்கும் பாடிக்கும் நடுவே கட்டை வைத்துப் பாடியை மட்டும் தூக்குவது. பாடி லிஃப்டில் சேஸுக்கு அடியில் தரை இடைவெளி ஒரு நூல்கூட அதிகமாகாது, பெரிய டயர் உரசாமல் இருக்க இடம் கிடைக்கும், அவ்வளவுதான்.

ஸ்டெப்புக்கு இதனால் என்ன? ஸ்டெப்பைத் தாங்கும் பிராக்கெட் எதில் பூட்டியிருக்கிறது என்பதில்தான் விஷயம். சில வண்டிகளில் சில்லில் பூட்டுவார்கள். சில் என்பது கதவுக்குக் கீழே முன்னும் பின்னும் ஓடும் பாடியின் கனமான ஓரம். சில வண்டிகளில் சேஸில் பூட்டுவார்கள். சஸ்பென்ஷன் லிஃப்ட் என்றால் எதில் பூட்டினாலும் கவலையில்லை, பாடிக்கும் சேஸுக்கும் உள்ள தூரம் மாறவில்லை, கம்பெனி உயர வண்டிக்கான கிட் அப்படியே உட்காரும். "லிஃப்ட் வண்டிக்குத் தனி பிராக்கெட் வேணும்" என்று யாராவது கூடுதலாகக் காசு கேட்டால் எதற்கு என்று கேளுங்கள். பாடி லிஃப்ட் செய்து, ஸ்டெப் சேஸில் பூட்டுகிற வகையாகவும் இருந்தால்தான் வில்லங்கம். பாடி மேலே போய்விடும், ஸ்டெப் கீழேயே நிற்கும், மடங்கிய பிறகும் நடுவில் இடைவெளி தெரியும், பாடிக்கு அடியில் ஒளியாமல் தொங்கிக்கொண்டிருக்கும்.

## ஊஞ்சல் தெரிந்தால் ஸ்டெப்பும் தெரியும்

பலகை எப்படிச் சாயாமல் வெளியே வருகிறது? கூடத்தில் நான்கு சங்கிலியில் தொங்கும் ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு வீசி ஆட்டினாலும் பலகை தரைக்கு இணையாகவே போய்வருகிறது, மேலே வைத்த வெற்றிலைத் தட்டு சாய்வதில்லை. காரணம் எளிது. முன் சங்கிலியும் பின் சங்கிலியும் ஒரே நீளம், மேலே கொக்கிகளுக்கு நடுவே எவ்வளவு தூரமோ கீழேயும் அவ்வளவு தூரம். சங்கிலிகள் சாயும், பலகை சாயாது. ஒரு சங்கிலியை இரண்டு கண்ணி குறைத்துப் பாருங்கள், பலகை உடனே கோணும்.

ஸ்டெப்பில் மேல் கொக்கிகளின் இடத்தில் வண்டியில் பூட்டிய பிராக்கெட். சங்கிலிகளின் இடத்தில் இரண்டு உலோகக் கைகள். ஊஞ்சல் பலகையின் இடத்தில் ஸ்டெப். பிராக்கெட் ஒன்று, கை இரண்டு, ஸ்டெப்பைப் பிடிக்கும் துண்டு ஒன்று, ஆக நான்கு உறுப்புகள் நான்கு ஊசிகளில் (அச்சாணிகளில்) சுழல்கின்றன. இதற்கு நான்கு-உறுப்பு இணைப்பு (ஃபோர்-பார் லிங்கேஜ்) என்று பெயர். சங்கிலி இழுக்க மட்டும்தான் செய்யும், இந்தக் கைகள் விறைப்பானவை, அதனால் தள்ளவும் செய்யும். ஊஞ்சலை நாம் காலால் உந்துகிறோம், இங்கே மோட்டார் ஒரு கையைப் பிடித்துச் சுழற்றுகிறது, மற்றது தானாகப் பின்தொடர்கிறது. ஊஞ்சல் வளைவில் போவது போலவே ஸ்டெப்பும் நேராக இறங்காமல் ஒரு வளைவில் வெளியேயும் கீழேயும் சேர்ந்து வருகிறது.

இந்த இடத்தில் ஒரு தகவல், எனக்குப் பிடித்தது. ஹார்ஸ்ட் லைட்னர் என்று ஆஸ்திரியாவில் பிறந்த ஒரு மோட்டார் சைக்கிள் பந்தயக்காரர். மலைப் பாதையில் ஓட்டும் சைக்கிள்களின் பின் சஸ்பென்ஷனுக்கு அவர் ஒரு நான்கு-உறுப்பு இணைப்பைக் கொண்டுவந்தார், அதை இன்றும் ஹார்ஸ்ட் லிங்க் என்றுதான் சொல்கிறார்கள். அவர் அமெரிக்காவில் தொடங்கிய ஆம்ப் ரிசர்ச் நிறுவனம்தான் பிற்பாடு பிக்கப்புகளுக்கு எலக்ட்ரிக் ஸ்டெப் செய்து பேர் வாங்கியது. சைக்கிளில் சக்கரத்தைத் தாங்கிய அதே கணக்கு, பிக்கப்பில் காலைத் தாங்குகிறது.

ஏன் கையை இன்னும் நீளமாகச் செய்து இன்னும் கீழே இறக்கக் கூடாது? இதுதான் எல்லாரும் கேட்கிற கேள்வி. முதல் தடை, மடங்கும்போது அந்த நீளக் கை எங்கே போய் ஒளியும்? அடியில் சேஸ் இருக்கிறது, சைலன்சர் பைப் இருக்கிறது. இரண்டாவது தடை நெம்புகோல் விதி. பிராக்கெட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி ஒருவர் நின்றால் பிராக்கெட்டை எவ்வளவு திருகுமோ, அவரே 30 சென்டிமீட்டர் தள்ளி நின்றால் ஒன்றரை மடங்கு திருகும். பிராக்கெட்டும் போல்ட்டும் சில்லின் தகடும் அதைத் தாங்க வேண்டும். கூடுதலாக இறங்கும் மாடல்கள் உண்டுதான், அவையும் சில அங்குலங்களுக்கு மேல் போவதில்லை.

## ஆள் ஏறும்போது கனம் யார் தலையில்?

மோட்டாரின் தலையில் என்று பலர் நினைக்கிறார்கள். "நூறு கிலோ ஆளு நின்னா மோட்டர் பூடாதா?" போகாது. மோட்டாரின் வேலை பலகையை நகர்த்துவது மட்டும். முழுதாகத் திறந்ததும் கைகள் ஓர் உலோகத் தடுப்பில் போய் முட்டி நிற்கும். கூடவே மோட்டாருக்குள் பெரும்பாலும் வார்ம் கியர் இருக்கும். வார்ம் கியர் என்பது திருகுபோல் இருக்கும் ஒரு தண்டு, ஒரு பல்சக்கரத்தைச் சுழற்றும். தண்டால் சக்கரத்தைச் சுழற்ற முடியும், சக்கரத்தைப் பிடித்துத் தள்ளித் தண்டைச் சுழற்றுவது மிகக் கடினம். ஆகவே மேலே ஏறி நின்றால் கனம் பலகைக்கு, பலகையிலிருந்து கைகளுக்கு, கைகளிலிருந்து பிராக்கெட்டுக்கு, அங்கிருந்து வண்டியின் உடம்புக்குப் போகிறது. அதனால் ஒரு கிட்டைப் பார்க்கும்போது மோட்டார் எத்தனை வாட் என்பதைவிட பிராக்கெட் எத்தனை, ஒவ்வொன்றுக்கும் எத்தனை போல்ட் என்று பார்ப்பது புத்திசாலித்தனம்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். ராக் ஸ்லைடர் என்று ஒன்று இருக்கிறது, சேஸோடு சேர்த்துப் பூட்டிய கனத்த இரும்புக் குழாய், வண்டி பாறையில் உட்கார்ந்தால் அதன் மேல் சறுக்கிப் போகத்தான் அது. எலக்ட்ரிக் ஸ்டெப் அது இல்லை. மனிதர் எடையைத் தாங்கும், இரண்டு டன் வண்டியைத் தாங்காது. அதன் அடியில் ஜாக்கி கொடுத்து வண்டியைத் தூக்க யாராவது வந்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

அப்படியென்றால் காட்டுப் பாதையில் போகிறவருக்கு இதனால் என்ன லாபம்? லாபம் மடங்குவதில்தான் இருக்கிறது. ஒடுகத்தூர் தாண்டி ஜவ்வாது மலை மேலே போகிறவர்களுக்குத் தெரியும், மேட்டின் உச்சியில் முன் சக்கரம் அந்தப் பக்கமும் பின் சக்கரம் இந்தப் பக்கமும் இருக்கும்போது வண்டியின் நடு வயிறு தரையைத் தொட வரும். அசையாத ஃபுட்போர்டு தாழ்வாகத் தொங்கினால் முதலில் அடிபடுவது அதுதான், லிஃப்டுக்குக் கொடுத்த காசில் பாதி அங்கேயே வீண். மடங்கும் ஸ்டெப் ஓடும்போது மேலே ஒட்டிக்கொள்வதால் லிஃப்டால் கிடைத்த இடைவெளியைப் பெரிதாகக் கெடுப்பதில்லை.

மறுபடி ஒருமுறை: நகர்த்துவது மோட்டார், தாங்குவது பிராக்கெட். நிற்கும்போது கீழே, ஓடும்போது மேலே. இந்த இரட்டை வேலைக்காகத்தான் இவ்வளவு செலவு.

## கதவு திறந்தது அதற்கு எப்படித் தெரியும்?

கண்ட்ரோலர் என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும். பேட்டரியிலிருந்து வரும் 12 வோல்ட்டை எந்த மோட்டாருக்கு, எந்தத் திசையில், எவ்வளவு நேரம் விடுவது என்று முடிவு செய்வது அதுதான். அதற்குச் செய்தி மூன்று வழிகளில் வரும். கதவில் ஏற்கெனவே இருக்கும், உள் விளக்கைப் போடும் சுவிட்சின் வயரிலிருந்து எடுக்கலாம். ஸ்டீயரிங்குக்குக் கீழே மெக்கானிக் கம்ப்யூட்டர் மாட்டும் சாக்கெட் இருக்கிறதே, ஓ.பி.டி. சாக்கெட், அதில் செருகி வண்டியின் கம்ப்யூட்டரிடமே கதவு நிலவரத்தைக் கேட்கலாம். அல்லது கதவில் ஒரு காந்தமும் தூணில் ஒரு சென்சாரும் ஒட்டி, காந்தம் விலகினால் கதவு திறந்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஓ.பி.டி. வகை சுத்தமானது, வயரை வெட்ட வேண்டியதில்லை. ஆனால் அது உங்கள் வண்டியின் பாஷையை அறிந்திருக்க வேண்டும். அமெரிக்க ஃபோர்டு பிக்கப்புக்குச் செய்த கிட்டை இணையத்தில் பார்த்துவிட்டு நம் ஊர் வி-கிராஸில் செருகினால் அது ஒன்றும் புரியாமல் சும்மா கிடக்கும். காந்த வகை எந்த வண்டிக்கும் பொருந்தும், ஆனால் ஒட்டியது வேலூர் வெயிலில் பசை இளகி நகர்ந்துவிட்டால் ஓடுகிற வண்டியில் ஸ்டெப் இறங்கும். பசையை மட்டும் நம்பாமல் திருகு போட்டு இறுக்கச் சொல்லுங்கள்.

கண்ட்ரோலருக்கு இன்னொரு வேலையும் உண்டு. பலகை எதிலாவது முட்டினால் மோட்டார் திணறும், திணறும் மோட்டார் அதிகக் கரண்டை இழுக்கும். அது ஓர் அளவைத் தாண்டியதும் நிறுத்திவிடும், சில கிட்டுகள் திருப்பி எதிர்த்திசையில் ஓட்டும். வேலூர் லாங் பஜார் மாதிரி நெரிசலான இடத்தில் பக்கத்தில் நிற்கும் டூவீலரிலோ உயரமான நடைபாதையிலோ முட்டினால் காப்பாற்றுவது இதுதான். ஆனால் இதற்குக் கண் கிடையாது, முட்டிய பிறகுதான் தெரியும். கதவருகே ஒட்டி நின்று திறப்பவருடைய முழங்கால் எலும்பில் ஒரு தட்டு விழும், அதுவும் முதல் வாரத்தில் கட்டாயம் விழும். வண்டி நிழலில் படுத்திருக்கும் நாய்க்கும் சொல்லிவைக்க முடியாது. குழந்தைகள் உள்ள வீட்டில் கதவை மூடும் முன் கீழே ஒரு பார்வை பழக்கமாக வேண்டும்.

## மாட்டும் நாளில் கவனிக்க வேண்டியது

வேலை கஷ்டமில்லை, பொறுமை வேண்டும். நல்ல கிட் என்றால் சில்லின் உள்பக்கத்தில் கம்பெனியே விட்டிருக்கும் துளைகளில் பூட்டிவிடலாம். புதிதாகத் துளை போட வேண்டும் என்றால் யோசியுங்கள், சில் உள்ளே பொந்தாக இருக்கும், துளையிட்ட இடத்தில் பெயின்ட் போய்விடும், தண்ணீர் நின்று துரு ஏறும். சேஸில் வெல்டிங் வைக்கிறேன் என்பவரிடம் வேலையே கொடுக்காதீர்கள்.

ஒரு பக்கத்துக்கு இரண்டோ மூன்றோ பிராக்கெட் இருக்கும். மோட்டார் பெரும்பாலும் ஒன்றில் மட்டும்தான், மற்றவை சும்மா பின்தொடர்பவை. மோட்டாரின் இழுப்பு பலகை வழியாகத்தான் மற்றவற்றுக்குப் போகிறது. ஒரு பிராக்கெட் ஐந்து மில்லிமீட்டர் கோணலாக உட்கார்ந்தால்கூட ஊஞ்சலில் ஒரு சங்கிலி குட்டையான கதைதான், பலகை இறுக்கிப் பிடிக்கும், மோட்டார் திணறும், கண்ட்ரோலர் ஏதோ முட்டிவிட்டது என்று நினைத்து நிறுத்திவிடும். உடனே "கண்ட்ரோலர் கம்ப்ளெய்ன்ட், மோட்டர் கம்ப்ளெய்ன்ட்" என்று ஒவ்வொன்றாக மாற்றுவார்கள். பலகையை மாட்டும் முன்பே, போல்ட்டுகளை முழுதாக இறுக்காமல், முதல் பிராக்கெட்டிலிருந்து கடைசி பிராக்கெட் வரை கொத்தனார் நூலை இழுத்துக் கட்டிப் பார்த்தால் கோணல் எங்கே என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். அதைச் சரி செய்துவிட்டு, மோட்டாரைப் பூட்டாமல் பலகையைக் கையால் மடக்கி விரித்துப் பாருங்கள். கையில் தடையில்லாமல் ஓடினால்தான் மோட்டாரில் ஓட்ட வேண்டும்.

அப்புறம் வயரிங். முதலில் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், ஒரு ஜாண் இரண்டு ஜாண் தூரத்துக்குள். ஃபியூஸ் மோட்டாரைக் காப்பாற்ற என்று எண்ணிக்கொண்டு மோட்டாருக்கு அருகே வைக்கிறார்கள். தப்பு. ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை. வழியில் எங்காவது வயர் உரசிச் சேஸில் பட்டால், ஃபியூஸ் அதற்கு முன்னால் இருந்தால்தான் அறுந்து நெருப்பைத் தடுக்கும். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஃபியூஸ் போடுவது எவ்வளவு அபாயம் என்பதும் இதிலிருந்தே புரியும்.

வயரின் தடிமனும் முக்கியம். மோட்டார் 10 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள், வயரும் மூட்டுகளும் சேர்ந்து 0.1 ஓம் தடை இருந்தால் வழியிலேயே ஒரு வோல்ட் போய்விடும். ஸ்டெப் சோம்பலாக இறங்குவதற்குப் பல நேரம் இதுதான் காரணம். அடியில் போகும் வயர் சைலன்சர் பைப்பைவிட்டு விலகியே போக வேண்டும். பி.எஸ். 6 டீசல் வண்டியில் கரிப்புகை வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும்போது அந்தப் பகுதி பழைய வண்டிகளைவிட அதிகம் சூடாகும், பிளாஸ்டிக் உறை தாங்காது. மூட்டுகளில் வெறும் இன்சுலேஷன் டேப் சுற்றி விடுவதையும் ஒத்துக்கொள்ளாதீர்கள், சித்திரை வெயிலில் பசை ஒழுகிப் பிரிந்து தொங்கும். சூடு காட்டினால் சுருங்கி இறுகும் குழாய் போடச் சொல்லுங்கள். சீட்டுக்கு அடியில் மஞ்சள் உறை போட்ட வயர் தெரிந்தால் தொடவே கூடாது, அது ஏர்பேக் வயர்.

## மண்ணும் தண்ணீரும்

ஐ.பி. 67 என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். தூசி உள்ளே போகாது, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் இருந்தாலும் தாங்கும் என்று அர்த்தம். அது மோட்டாருக்கும் கண்ட்ரோலருக்கும் சொன்னது. கைகள் சுழலும் ஊசிகளுக்கு அந்தக் காவல் கிடையாது. மழை நாளில் ஜவ்வாது மலையில் சுற்றிவிட்டு வந்து, ஸ்டெப்பைத் திறந்துவைத்துக் குனிந்து பாருங்கள். இரண்டு கைகளுக்கும் நடுவே செம்மண் அப்பியிருக்கும். அன்றே கழுவினால் ஓடிவிடும். இரண்டு நாள் காயவிட்டால் திருப்புளியால் குத்தினாலும் பெயராது, அதற்குள்ளே ஒரு சின்னக் கல் மாட்டியிருந்தால் ஸ்டெப் பாதியில் நின்று ஆடும். பாலாற்று மணல் வேறு மாதிரி, அப்பாது, ஆனால் ஊசிக்கும் துளைக்கும் நடுவே புகுந்து உப்புக் காகிதம் மாதிரி தேய்த்துவிடும்.

மருந்து: தண்ணீரால் நன்றாகக் கழுவிக் காயவைத்து சிலிக்கான் ஸ்பிரே. கிரீஸ் வேண்டாம். கிரீஸ் மண்ணைப் பிடித்துவைத்துக்கொள்ளும், அப்புறம் அதுவே அரைக்கும் பசையாகிவிடும்.

## ஆர்.சி.யும் இன்ஷூரன்ஸும்

இதைச் சொல்லாமல் வியாபாரம் செய்பவர்கள் அதிகம் என்பதால் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கொன்றில் இதையே உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் சேர்த்து என்று இருக்கிறது. இதில் அதிகம் மாட்டுவது ஸ்டெப் இல்லை, லிஃப்ட்தான். ஆனால் நடைமுறையில் மடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டெப்தான் முதலில் கண்ணில் படும், அதைப் பார்த்துக் குனிந்தவர் லிஃப்டையும் பார்ப்பார். செலவு செய்யும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. இன்ஷூரன்ஸில் வண்டியோடு வராத மின் சாமான்களுக்குத் தனியாக மதிப்புக் காட்டிப் பிரீமியம் கட்டும் வழி இருக்கிறது, பில்லைக் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## வழியில் மாட்டிக்கொண்டால்

திறந்த ஸ்டெப் மூடவில்லை என்றால் பதற வேண்டாம். அந்தப் பக்கக் கதவு இரண்டும் நன்றாகச் சாத்தியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முன் கதவு, பின் கதவு இரண்டும் மூடினால்தான் அந்தப் பக்க ஸ்டெப் உள்ளே போகும், பாதித் தொல்லை இதிலேயே தீர்ந்துவிடும். அப்புறம் ஊசிப் பக்கம் கல், மண் இருக்கிறதா என்று பார்த்துத் தண்ணீர் பாட்டிலால் கழுவுங்கள். இரண்டு பக்கமும் ஒரேயடியாக நின்றுவிட்டது என்றால் ஃபியூஸ். ஒரு பக்கம் மட்டும் என்றால் அந்தப் பக்க மோட்டார் அல்லது அதன் கனெக்டர்.

எதற்கும் அசையவில்லை என்றால் காலால் உதைத்து உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள், முன்னே சொன்ன வார்ம் கியர் விடாது, உடைந்துதான் போகும். ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, மோட்டாரைப் பிடித்திருக்கும் சில போல்ட்டுகளைக் கழற்றினால் கைகள் விடுபடும். பலகையைக் கையாலேயே மேலே மடக்கிக் கயிற்றால் கட்டிவிட்டு ஊர் வந்து சேரலாம். அதற்கான ஸ்பேனரும் கொஞ்சம் கம்பிக் கயிறும் சீட்டுக்குப் பின்னால் கிடக்கட்டும். நைலான் கயிறு வேண்டாம், சைலன்சர் பக்கமாகக் கட்டினால் உருகிவிடும்.